ஏழு புட்டிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்? மயிர்க்கால் கட்டிகளுக்கான ஆன்டிபாடிகள்: ஒரு மதிப்பீடு

கன்னத்திலிருந்து வந்த 3 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி, அதாவது வட்டக் கத்தியால் குத்தி எடுத்த தோல் துண்டு. டெர்மிஸில், அதாவது தோலின் உள்ளடுக்கில், கருநீலச் செல்கள் ஒல்லி ஒல்லியான நாடாக்களாக ஓடுகின்றன. இடையிடையே கெரட்டின் அடைத்த சின்னச் சிஸ்டுகள், சுற்றிலும் இறுகிய நார்த்திசு. டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கோஎபிதீலியோமா என்ற மயிர்க்கால் கட்டி என்றால் தீங்கற்றது. சிறிதாக எடுத்துவிடலாம், எடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். மார்ஃபியா வகை பேசல் செல் கார்சினோமா என்ற புற்று என்றால் ஓரம் சுத்தமாக வரும்வரை வெட்டியாக வேண்டும். மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமா என்றால் அது நரம்பைப் பற்றிக்கொண்டு, வெளியே தெரியும் விளிம்பைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். சிகிச்சையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சின்னத் துண்டில் பார்க்க மூன்றும் ஒரே முகம்.

இந்தச் சிக்கலுக்கு விடை என்று சொல்லி ஏழு ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் சரக்குகள், புட்டிகளில் சந்தையில் இருக்கின்றன: சிகே20, ஆண்ட்ரோஜன் ரிசெப்டர், பெர்-இபி4, சிடி10, சிடி34, பிசிஎல்2, பிஎச்எல்டிஏ1. ஏழையும் ஒரே ஸ்லைடு வரிசையில் ஓட்டி, நான்கு இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம் என்று ஓட்டெடுப்பு நடத்துவது ஐஎச்சி, அதாவது ஆன்டிபாடிச் சாய வசதி வந்த லேப்களில் பரவலான பழக்கம். அது வீண். இந்தக் கேள்விக்கு உண்மையில் உழைப்பவை இரண்டே புட்டிகள்: சிகே20, ஆண்ட்ரோஜன் ரிசெப்டர். பெர்-இபி4 நல்ல சரக்குதான், ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். மற்ற நான்கும் எங்கே தேறும், எங்கே கவிழ்க்கும் என்பதைப் பார்ப்போம்.

புட்டியைத் திறப்பதற்கு முன் வழக்கமான எச் அண்ட் இ சாயம் போட்ட ஸ்லைடிலேயே முடிந்துவிடுகிற வேலை நிறைய. சாதாரண டிரைக்கோஎபிதீலியோமாவில் கட்டியும் அதன் ஸ்ட்ரோமாவும் (சுற்றியுள்ள நார்த்திசு) சேர்ந்தே ஒரு பொருளாக நிற்கும். நார்ச்செல்கள் கட்டிக் கூட்டங்களை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். வெடிப்பு விழுந்தால் அந்த ஸ்ட்ரோமாவுக்கும் அப்பாலுள்ள டெர்மிஸுக்கும் நடுவே விழும். பேசல் செல் கார்சினோமாவில், அதாவது லேப் பேச்சில் பிசிசியில், வெடிப்பு கட்டிக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் நடுவிலேயே விழும்; அந்த இடைவெளியில் வெளிர்நீல மியூசின் தங்கியிருக்கும். ‘வெடிப்பு இருக்கிறது’ என்று மட்டும் எழுதும் ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை. எதற்கும் எதற்கும் நடுவே என்பதுதான் சேதி. அதோடு, பார்மலினில் சரியாக ஊறாத துண்டு எங்கு வேண்டுமானாலும் வெடிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பாப்பில்லரி மெசன்கைமல் பாடி. மயிர்க்காலின் அடியில் இருக்கும் பாப்பில்லாவைப் போலி செய்கிற, குண்டு குண்டான நார்ச்செல்களின் சின்ன உருண்டை; அதன்மேல் கட்டிச் செல்கள் கிண்ணம் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்திருக்கும். இது தெளிவாகக் கிடைத்துவிட்டால் டிரைக்கோஎபிதீலியோமா அல்லது அதன் உறவான, தீங்கற்ற டிரைக்கோபிளாஸ்டோமா பக்கம் தராசு நன்றாகச் சாய்கிறது. பிசிசியில் இது அரிதாகவே வரும். மறுபுறம், மைட்டோசிஸ், அதாவது செல் பிளவு, தாராளமாக இருப்பது, செத்து உதிரும் செல்கள் கூட்டத்துக்குள் சிதறிக் கிடப்பது, புண்ணாகியிருப்பது எல்லாம் பிசிசியைக் காட்டும். கெரட்டின் சிஸ்டை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கெரட்டோட்டிக் பிசிசியிலும் இன்ஃபண்டிபுலோசிஸ்டிக் பிசிசியிலும் அது உண்டு.

டெஸ்மோபிளாஸ்டிக் வகைக்கு 1977-லேயே மூன்று அடையாளங்கள் வகுக்கப்பட்டுவிட்டன: ஒல்லி நாடாக்கள், கெரட்டின் சிஸ்டுகள், இறுகிய ஸ்ட்ரோமா. இவற்றோடு சுண்ணாம்புப் படிவும், உடைந்த சிஸ்டைச் சுற்றி ராட்சதச் செல்களும் அடிக்கடி கூட வரும். வெளியிலிருந்து பார்த்தால் நடுவில் குழிந்த வளையம். உள்ளே கட்டி பெரும்பாலும் டெர்மிஸின் மேல் பாதி, முக்கால் பங்கோடு நின்றுவிடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: கட்டி எங்கே நிற்கிறது என்பது துண்டின் அடியில்தானே தெரியும்! மேலாகச் சீவி எடுக்கும் ஷேவ் பயாப்சியில் அடியே இல்லை. கொழுப்பு தெரியும்வரை இறங்கிய 4 மில்லிமீட்டர் பஞ்ச் கேட்டு வாங்குவது, ஏழு புட்டிகளையும் வாங்குவதைவிட நல்ல முதலீடு.

சிகே20

இந்தப் புட்டியின் வித்தை கட்டிச் செல்லில் இல்லை. கட்டிக்குள் வந்து குடியேறிய விருந்தாளியிடம் இருக்கிறது. 1875-இல் ஃப்ரீட்ரிக் மெர்க்கெல் விவரித்த தொடு உணர்வுச் செல்கள், இன்று அவர் பெயரிலேயே மெர்க்கெல் செல்கள், இயல்பான மயிர்க்காலில் வசிப்பவை. மயிர்க்காலைப் போல வளரும் தீங்கற்ற கட்டிகளில், டிரைக்கோஎபிதீலியோமா, டிரைக்கோபிளாஸ்டோமா, டெஸ்மோபிளாஸ்டிக் வகை எல்லாவற்றிலும், இவை குடியிருப்பைத் தொடர்கின்றன. பிசிசியில் பொதுவாக இருப்பதில்லை. இருந்தாலும் அபூர்வமாக ஒன்றிரண்டு. மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமாவிலும் இல்லை. சிகே20 மெர்க்கெல் செல்லைப் பழுப்பாகக் காட்டுகிறது. கட்டிச் செல்கள் வெள்ளையாகவே நிற்கும். நாடாக்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீள்வட்டப் பழுப்புச் செல்கள், சிலவற்றில் மெல்லிய கைகளோடு. இவ்வளவுதான் பாசிட்டிவ். இது தெரியாமல், ‘கட்டி சிகே20 நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பி விடையைக் கோட்டைவிட்ட ரிப்போர்ட்டுகள் உண்டு.

பெரும்பாலான லேப்களில் இருப்பது கேஎஸ்20.8 என்ற குளோன் (ஆன்டிபாடியின் ரகம்). பார்மலின் மறைத்த புரதத்தை மீட்க, பிஎச் 9 டிரிஸ்-இடிடிஏ கரைசலில் 95 முதல் 98 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், அப்படியே வைத்து 20 நிமிடம் ஆறவிடுதல், பிறகு ஆன்டிபாடி 30 முதல் 60 நிமிடம். முரண்டு பிடிக்காத சரக்கு. பின்னணி அழுக்கு குறைவு, சாயம் கூர்மை. சாயம் ஓடியதா என்று சரிபார்க்கும் கன்ட்ரோலாகப் பெருங்குடல் அல்லது குடல்வால் துண்டு போதும்.

ஏமாறுகிற இடம் மூன்று. ஒன்று, மேல்தோலின் அடிவரிசையிலும், கட்டிக்குள் மாட்டிக்கொண்ட இயல்பான மயிர்க்காலிலும் மெர்க்கெல் செல்கள் எப்படியும் இருக்கும். அவற்றை எண்ணிக்கையில் சேர்த்தால் பிசிசி தீங்கற்றதாகிவிடும். எண்ணும் செல் நாடாவுக்குள், மயிர்க்காலிலிருந்து விலகி இருக்க வேண்டும். அதே இயல்பான செல்களை உள்கன்ட்ரோலாகவும் பயன்படுத்தலாம்: மேல்தோலில் ஒரு மெர்க்கெல் செல்கூடச் சாயம் ஏற்காமல், குடல்வால் கன்ட்ரோலும் வெளிறிக் கிடந்தால் சாயமே ஓடவில்லை என்று பொருள்.

இரண்டு, எண்ணிக்கை. ஒரு முழு செக்ஷனில், அதாவது மெல்லிய வெட்டில், மூன்றே செல்கள் கிடைக்கும் டெஸ்மோபிளாஸ்டிக் கேஸ்கள் இருக்கின்றன. பத்து எக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. இருபது எக்ஸில் நாடா நாடாவாக நடக்க வேண்டும். முதல் ஸ்லைடில் கிடைக்கவில்லையென்றால் இன்னொன்று வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஒட்டினாற்போல் அடுத்த 4 மைக்ரானை வெட்டிப் பயனில்லை, அதே செல்கள்தான் வரும். திசு பதித்த பிளாக்கில் 40, 50 மைக்ரான் இறங்கி வெட்டினால்தான் புதிய ஆட்களைப் பார்க்கலாம்.

மூன்றாவது, நம் பக்கத்து லேப்களுக்கு முக்கியமானது: தோலின் நிறமியான மெலனின். நிறமுள்ள தோலில் பிசிசியே கறுத்துத்தான் வரும். டிரைக்கோபிளாஸ்டோமாவிலும் நிறமி சேர்வதுண்டு. ஐஎச்சியில் நிறம் தரும் டிஏபி சாயமும் பழுப்பு, மெலனினும் பழுப்பு. நிறமி சுமந்த, கைகள் நீட்டிய ஒரு மெலனோசைட், ஒரு மெர்க்கெல் செல்லுக்கு அச்சு அசல் மாறுவேடம். ஆன்டிபாடி போடாத நெகட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடை நோயாளியின் சொந்தத் திசுவிலேயே ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குறைந்தபட்ச ஒழுங்கு. இன்னும் சுத்தமான வழி, சிவப்புக் குரோமோஜன் (நிறம் தரும் பொருள்). பெராக்சிடேஸ் பாலிமரை வைத்திருக்கும் லேப், டிஏபிக்குப் பதில் ஏஇசி போட்டால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஒரே எச்சரிக்கை, ஏஇசி ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துபோகும். வழக்கம்போல் ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் தெளிவாக்கி, டிபிஎக்ஸ் பசை வைத்து மூடினால் அழகான வெற்று ஸ்லைடு கிடைக்கும். நீரில் கரையும் மவுன்டன்ட்தான் வேண்டும். நாளடைவில் நிறமும் மங்கும். அன்றே படம் எடுத்து வைத்துவிடுவது நல்லது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மெலனினை வெளுத்துவிட்டுச் சாயம் போடும் வழியும் உண்டு. அது சில ஆன்டிஜென்களையும் சேர்த்து வெளுத்துவிடும் என்பதால் கடைசி ஆயுதமாக இருக்கட்டும்.

இந்தப் புட்டியின் இன்னொரு நன்மை கணக்குப் புத்தகத்தில் தெரியும். சிகே7, சிகே20 ஜோடி, மூலம் தெரியாத கார்சினோமாவுக்கு எல்லா லேப்பிலும் ஓடுகிறது. தோல் கேஸ் மாதத்துக்கு ஒன்றுதான் வருகிறது என்றாலும் புட்டி காலாவதியாகாது.

ஆண்ட்ரோஜன் ரிசெப்டர்

சிகே20 தீங்கற்றது என்று கைகாட்டும். இது பிசிசி என்று கைகாட்டும். ஜோடியாக வாங்குவதன் அர்த்தம் இதுதான், இரண்டும் எதிரெதிர் திசையில் பேசுகின்றன. கட்டி உட்கருக்களில் பழுப்பு தெரிந்து, மெர்க்கெல் செல்லும் இல்லையென்றால் மார்ஃபியா வகை பிசிசி. உட்கரு வெறுமையாக இருந்து, நாடாக்களுக்குள் மெர்க்கெல் செல்கள் இருந்தால் டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கோஎபிதீலியோமா. ஏஆர்441 குளோன், அதே பிஎச் 9 கரைசல், புராஸ்டேட் கன்ட்ரோல். முகத்துத் தோலென்றால் இலவச உள்கன்ட்ரோலும் உண்டு; எண்ணெய்ச் சுரப்பியின் உட்கருக்கள் சாயம் ஏற்கும்.

படிக்கும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பார்ப்பதுபோல் பளிச்சென்று எல்லா உட்கருவும் நிற்காது. பிசிசியில் இது திட்டுத் திட்டாக, சில கூட்டங்களில் மட்டும் வரும். சில உட்கருக்கள் தெளிவாகச் சாயம் ஏற்றிருந்தாலே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சைட்டோபிளாசத்தில் தெரிகிற புகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

குறை என்னவென்றால், கணிசமான பிசிசிகள் நெகட்டிவ். அதாவது பாசிட்டிவ் பேசும், நெகட்டிவ் ஒன்றும் பேசாது. ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் இல்லை என்பதை வைத்து மட்டும் ஒருவருக்குத் தீங்கற்றது என்று எழுதிக் கொடுப்பது இந்தப் புட்டியின் தவறாக ஆகாது, படித்தவர் தவறு. மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமாவும் இரண்டு சாயத்திலும் வெறுமையாக வரும் என்பதால், இரண்டும் நெகட்டிவ் என்ற நிலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

பழுதாகும் காரணங்களில் முதலாவது பார்மலின். 10 சதவீத நடுநிலை பஃபர் பார்மலினில் குறைந்தது 6 மணி நேரம் ஊறாத துண்டில் உட்கருப் புரதங்கள் ஒழுங்காகப் பேசாது. பஃபர் இல்லாத, நாள்பட்ட பார்மலினில் வந்த துண்டின் நெகட்டிவை நம்பவே கூடாது. இரண்டாவது, வெட்டி வைத்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஸ்லைடு.

பெர்-இபி4

விற்பனைப் பட்டியல்களில் ‘பிசிசி மார்க்கர்’ என்ற பட்டத்தோடு வருவதால் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது இதுதான். பிசிசி பாசிட்டிவ் என்பது உண்மை. ஆனால் டிரைக்கோபிளாஸ்டோமாவும் டிரைக்கோஎபிதீலியோமாவும் பாசிட்டிவ்தான், ஏனென்றால் மயிர்க்காலின் முளைச் செல்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் புரதம் பொது. ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலுள்ள கேஸில் பெர்-இபி4 பாசிட்டிவ் வந்தால் பிசிசிக்கும் டெஸ்மோபிளாஸ்டிக் வகைக்கும் நடுவில் ஒரு அங்குலமும் நகரவில்லை.

அது மின்னுகிற இடம் வேறு. பேசலாய்டு ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவா, ஸ்குவாமஸ் சாயல் கொண்ட பிசிசியா என்ற கேள்விக்கு இது அருமையான சாயம்: பிசிசி பாசிட்டிவ், ஸ்குவாமஸ் நெகட்டிவ். கூடவே இஎம்ஏ என்ற இன்னொரு ஆன்டிபாடி போட்டால் படம் தலைகீழாக வந்து உறுதி செய்யும். மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமா பெரும்பாலும் நெகட்டிவ் என்பதால், சிகே20-உம் ஆண்ட்ரோஜன் ரிசெப்டரும் வெறுமையாக வந்த அந்த ஆபத்தான நிலையில் இது மூன்றாவது ஆளாக உதவும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும், பாசிட்டிவ் வரும் கேஸ்களும் உண்டு. அங்கே தீர்ப்புச் சொல்வது கட்டியின் ஆழமும், நரம்பைச் சுற்றிய வளர்ச்சியும், குழாய் வடிவங்களும்தான். 1982-இல் இந்தக் கட்டியை முதலில் தனியாகப் பிரித்துச் சொன்னபோதும் வைத்த அடையாளங்கள் அவைதான்: மேலே கெரட்டின் சிஸ்டுகள், கீழே போகப் போக ஒடுங்கும் நாடாக்களும் குழாய்களும். மேல் பாதியை மட்டும் வெட்டினால் டெஸ்மோபிளாஸ்டிக் போலத்தான் இருக்கும். ஷேவ் பயாப்சி மீதான குறை இங்கேயும் தொடர்கிறது.

இதில் மீட்பு முறை லேபுக்கு லேப் மாறும். சிலர் புரோட்டியேஸ் என்சைம் போடுகிறார்கள், சிலர் பிஎச் 9 வெப்ப மீட்பு. எந்த முறையானாலும் வியர்வைச் சுரப்பியின் சுரக்கும் பகுதி நன்றாகப் பாசிட்டிவ் ஆக வேண்டும், மேல்தோல் நெகட்டிவாக இருக்க வேண்டும். என்சைமை அதிகநேரம் விட்டால் மேல்தோல் செல்கள் கரைந்து, விளிம்புகள் நைந்துபோகும்.

சிடி10, சிடி34, பிசிஎல்2

இவை மூன்றும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்காக ஏற்கெனவே குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். அதனால்தான் ஆசை வருகிறது. சிடி10 பிசிசியில் கட்டிச் செல்லிலும், டிரைக்கோஎபிதீலியோமாவில் அதைச் சுற்றிய ஸ்ட்ரோமாவிலும் என்று பாடம் சொல்லும். நடைமுறையில் இரண்டிலும் இரண்டும் கலந்து வருகிற கேஸ்கள் ஏராளம், மார்ஃபியா வகையில் குறிப்பாக. பிசிஎல்2 பிசிசியில் முழுக்கவும் மற்றதில் ஓரவரிசையிலும் என்பார்கள். ஒல்லி நாடாவில் ஓரம் எது, நடு எது? இரண்டு செல் அகலம்தானே இருக்கிறது. ஸ்ட்ரோமாவில் சிடி34 பார்ப்பதும் இதே கதை. மூன்றையும் இந்தக் கேள்விக்கு ஓட்டாதீர்கள்.

சிடி34-க்கு மட்டும் ஒரு விலக்கு. டிரைக்கிலெம்மோமா என்ற தீங்கற்ற கட்டி மயிர்க்காலின் வெளி உறையின் கீழ்ப்பகுதியை ஒத்தது. அதன் கட்டிச் செல்களே சிடி34 ஏற்கும். சாதாரண டிரைக்கிலெம்மோமாவுக்கு இது தேவையே இல்லை. கிளைக்கோஜன் நிறைந்த வெளிர் செல்கள், ஓரத்தில் வேலி கட்டிய வரிசை, அதைச் சுற்றித் தடித்த கண்ணாடிப் படலம், இவ்வளவும் எச் அண்ட் இ-யிலேயே தெரியும். பிஏஎஸ் சாயம் போட்டால் கிளைக்கோஜன் சிவந்து, டயாஸ்டேஸில் கரைந்துவிடும், படலம் கரையாமல் நிற்கும். ஆனால் டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கிலெம்மோமாவில் நடுப்பகுதி நாடாக்கள் கண்ணாடி போன்ற கொலாஜனில் சிதறி, ஊடுருவும் கார்சினோமா போலவே மிரட்டும். அப்போது க்யூபென்ட்10 குளோன் சிடி34 காப்பாற்றும். ரத்தக் குழாய்கள் ஒவ்வொரு செக்ஷனிலும் உள்கன்ட்ரோலாக இருப்பதால் தனிக் கன்ட்ரோல் ஸ்லைடு செலவும் குறைவு. முகத்தில் பல டிரைக்கிலெம்மோமாக்கள் உள்ளவருக்கு, கௌடன் என்ற பரம்பரை நோய்க்குறியும் அதற்குக் காரணமான பிடென் மரபணுவும் நினைவூட்டலாக ரிப்போர்ட்டின் குறிப்பில் இடம்பெற வேண்டும். பல டிரைக்கோஎபிதீலியோமாக்கள் என்றால் சிஒய்எல்டி மரபணு. பல ஃபைப்ரோஃபாலிகுலோமாக்கள் என்றால் 1977-இல் விவரிக்கப்பட்ட பர்ட்-ஹாக்-டூபே நோய்க்குறி, அதாவது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்தப் புட்டியும் தராத தகவல் இது. தோல் மருத்துவர் அனுப்பும் படிவத்தில் ‘எத்தனை கட்டிகள்’ என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் மட்டுமே எழுத முடியும்.

பிஎச்எல்டிஏ1

வேலை செய்கிற சரக்குதான், மறுக்க முடியாது. மயிர்க்காலின் மூலச்செல்களை அடையாளம் காட்டும் புரதம் இது. டெஸ்மோபிளாஸ்டிக் டிரைக்கோஎபிதீலியோமாவில் கட்டி முழுக்கப் பழுப்பேறும், மார்ஃபியா வகை பிசிசி பெரும்பாலும் வெறுமை. சிகே20 போல மூன்று செல்லைத் தேடி அலைய வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும். பிறகு ஏன் முதல் இரண்டில் இல்லை? புண்ணான பிசிசியில் புண்ணின் அருகே இதுவும் பாசிட்டிவ் ஆகும். முகத்துப் பயாப்சிகளில் புண்ணானவை குறைவில்லை. அதைவிடப் பெரிய காரணம், லேப்பில் இதற்கு வேறு வேலை இல்லை. வாங்கிய புட்டி இரண்டு கேஸுக்கு ஓடி, மீதி காலாவதியாகும். தோல் பயாப்சியே பிரதானத் தொழிலான மையம் மட்டும் வாங்கலாம்.

புட்டி வேண்டாத கேஸ்கள்

பைலோமேட்ரிகோமா என்ற தீங்கற்ற மயிர்க்கால் கட்டிக்குப் பீட்டா-கேட்டெனின் ஆன்டிபாடி ஓட்டும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ. உட்கருவில் சாயம் ஏறும் என்பது உண்மைதான், அந்த மரபணுவின் மாற்றம்தான் கட்டிக்குக் காரணமும்கூட. ஆனால் ஒருபுறம் கருநீலச் செல்கள், மறுபுறம் உட்கரு இருந்த இடத்தில் வெற்று ஓட்டை மட்டும் மிஞ்சிய நிழல் செல்கள், சுண்ணாம்பு, ராட்சதச் செல்கள் என்று ஸ்லைடே கத்திச் சொல்லும்போது ஐஎச்சி எதற்கு? இங்கே கெடுவது வெட்டும் கட்டத்தில். சுண்ணாம்பேறிய துண்டை அப்படியே பாரஃபினில் வைத்தால் மைக்ரோடோம் பிளேடில் பல் விழுந்து செக்ஷன் முழுக்கக் கோடு. கடினமான பகுதியை மட்டும் பிரித்து அமிலத்தில் மெதுவாக்கிவிட்டு, மென்மையான பகுதியை வழக்கம்போல் பதப்படுத்துவது நல்லது. ஊசி உறிஞ்சல் சைட்டாலஜியில்தான் இந்தக் கட்டி உண்மையில் ஆளைக் கவிழ்க்கும்: ஊசி கருநீலப் பகுதியில் மட்டும் பட்டால், சிறு வட்டச் செல் புற்றுநோய் என்றே தோன்றும். நிழல் செல்களைத் தேடாமல் அந்த ஸ்மியரை அனுப்பக் கூடாது.

டிரைக்கோஃபாலிகுலோமாவும் அப்படியே. நடுவில் விரிந்த தாய் மயிர்க்கால், அதிலிருந்து ஆரம்போலக் கிளைத்த குட்டி மயிர்க்கால்கள். செக்ஷன் ஓரமாக வெட்டப்பட்டு நடுக்குழி வராமல் போனால் மட்டுமே குழப்பம். அதற்கு மருந்து இன்னொரு லெவல். நீவஸ் செபேஷியஸ் என்ற பிறவித் தோல் மச்சத்தின் மேல் வளர்ந்த கருநீலக் கட்டி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதைப் பழக்கதோஷத்தில் பிசிசி என்று எழுத வேண்டாம். முன்பு அப்படி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி டிரைக்கோபிளாஸ்டோமா என்று மறுவாசிப்பில் தெரிந்திருக்கிறது.

வாங்கும் முன்

முதல் செலவு புட்டியில் இல்லை, பிளாக்கை வெட்டுவதில். சின்ன முகப் பயாப்சி என்று படிவத்தில் பார்த்தவுடனே, எச் அண்ட் இ-க்கு வெட்டும் அதே நேரத்தில், திசு ஒட்டிக்கொள்ள மின்சார்ஜ் ஏற்றிய ஸ்லைடுகளில் 4 மைக்ரானில் ஆறு வெற்றுச் செக்ஷன்கள் எடுத்து 4 டிகிரியில் வைத்துவிட வேண்டும். பிளாக்கை மறுபடி மாட்டி முகம் சரிசெய்யும்போது வீணாகிற திசுவில்தான் பல 3 மில்லிமீட்டர் கட்டிகள் காணாமல் போகின்றன. ஐஎச்சி கேட்டு, வந்த ஸ்லைடில் கட்டியே இல்லை என்ற அவலம் அப்படித்தான் நேர்கிறது. கேஸ் எச் அண்ட் இ-யிலேயே முடிந்துவிட்டால் வெற்று ஸ்லைடு ஆறும் குப்பைக்குப் போகட்டும், அது மலிவு.

அப்படியே ஊற்றும் ரெடி டு யூஸ் புட்டியா, கலந்து ஊற்றும் கான்சென்ட்ரேட்டா? 6 மில்லி ரெடி டு யூஸ், கையால் ஓட்டினால் ஸ்லைடுக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் 60 ஸ்லைடு. துண்டு பெரிதாகி 150 ஊற்றினால் 40. 0.1 மில்லி கான்சென்ட்ரேட்டை 1-க்கு 100 கலந்தால் 10 மில்லி, அதாவது 100 ஸ்லைடு. கலவை விகிதத்தைச் சொந்தத் திசுவில் 50, 100, 200 என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், பெட்டியில் அச்சிட்டிருப்பது தொடக்கப் புள்ளி மட்டும். கலந்ததை மொத்தமாகக் கலந்து மாதக்கணக்கில் வைக்காமல், தேவைக்கு மட்டும் கலக்கலாம். ரெடி டு யூஸ் புட்டி 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும், ஃப்ரீசரில் போட்டால் கெட்டுப்போகும்.

யாரும் கணக்கில் எடுக்காதது கன்ட்ரோல் ஸ்லைடு. ஒரு கேஸ், ஒரு கன்ட்ரோல் என்று ஓட்டினால் 60 ஸ்லைடு புட்டி 30 கேஸில் தீர்ந்துவிடும். குடல்வாலும் புராஸ்டேட்டும் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக ஒரே பிளாக்கில் வைத்து, அந்தச் செக்ஷனை நோயாளியின் ஸ்லைடிலேயே மேல் ஓரத்தில் ஒட்டிவிட்டால் இரண்டு ஆன்டிபாடிக்கும் ஒரே கன்ட்ரோல் பிளாக் போதும், தனி ஸ்லைடும் வேண்டாம். மீட்பு நடந்ததா என்பதும் அதே கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். ஒட்டும்போது லேபிள் பக்கம் கன்ட்ரோல், கீழே நோயாளி என்று எப்போதும் ஒரே வரிசை வைத்திருங்கள். மாறிப்போனால் புராஸ்டேட்டைப் பார்த்து ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ் என்று எழுதும் விபத்து சிரிப்பாகத் தோன்றலாம், நடக்கக்கூடியதுதான்.

மாதத்துக்கு இரண்டு தோல் கேஸ்கூட இல்லாத லேப் என்றால் ஆண்ட்ரோஜன் ரிசெப்டரையும் வாங்க வேண்டாம். அந்த ஆறு வெற்று ஸ்லைடுகளில் மூன்றை எச் அண்ட் இ-யோடு சேர்த்து, ஆண்ட்ரோஜன் ரிசெப்டரை வழக்கமாக ஓட்டும் மையத்துக்கு அனுப்பலாம். கடிதத்தில் ‘பிசிசியா?’ என்று மட்டும் எழுதாமல் கட்டியின் இடம், அகலம், பயாப்சி ஷேவா பஞ்சா, அடி விளிம்பில் கட்டி தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று நான்கு விவரமும் எழுத வேண்டும். சிகே20-உம் ஆண்ட்ரோஜன் ரிசெப்டரும் ஒத்துப்போகாமல், அடி விளிம்பிலும் கட்டி தொட்டுக்கொண்டிருந்தால், நான்காவது ஐந்தாவது சாயம் கேட்பதற்குப் பதில் ரிப்போர்ட்டில் ‘பேசலாய்டு மயிர்க்கால் கட்டி, இந்தத் துண்டில் பிரித்துச் சொல்ல இயலவில்லை, முழுமையாக எடுத்து அனுப்பவும்’ என்று எழுதிவிடலாம்.